வழி சொன்ன பாவலர்கள்

மதுரையிலிருந்து மேற்கே கம்பம் பள்ளத்தாக்கிற்குச் செல்ல விரும்புவோர்க்கு மூன்று நெறிகள் உண்டு. வடக்கு நெறி வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் எனப் பழனி மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி வருகிறது. தெற்கு நெறி உசிலம்பட்டியைக் கடந்து, ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்கித் தேனியை அடைகிறது. இவ்விரண்டிற்கும் இடையே, வைகையின் கரையை விடாது பற்றிக்கொண்டு ஆறு வந்த திசையை நோக்கி நடப்பது மூன்றாவது நெறி. முன்னைய இரண்டிலும் பேருந்துகள் ஓடுகின்றன. மூன்றாவது, காப்பியத்தில் இருக்கிறது. அதன் ஒரு பகுதி 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீருக்கடியில் கிடக்கிறது.

வடக்கு நெறியின் பக்கத்தே, பெரியகுளத்திற்கு அணித்தாக அமைந்தது வடுகபட்டி. கொடைக்கானல் மலையில் விளையும் பூண்டு கீழிறங்கி விலைபோகும் சந்தையால் பெயர் பெற்ற ஊர் இது. மலைச்சரக்கு இறங்குமிடத்தில் சுமைகாரர் இளைப்பாறுவர். இளைப்பாறுமிடத்தில் சோறும் நீரும் விற்போர் கூடுவர். அங்கே சந்தை எழும். சந்தை ஊரை வளர்க்கும். பெருவழிகளின் மீது அமைந்த ஊர்கள் பலவற்றின் பிறப்பு இவ்வாறுதான். தங்கல்கள் வழியை உண்டாக்குகின்றன. வழி தங்கல்களை ஊராக்குகிறது.

பல ஊர்களில் தங்கிச் செல்லும் நெடுஞ்செலவு ஒன்றைத் திட்டமிடுவோர் இன்று முதலில் நோக்குவது தொலைவையும் நேரத்தையும். முன்னோர் நோக்கியவை வேறு. எந்த ஊரில் நல்ல நீர் கிடைக்கும்? எங்கே சோறிடுவர்? எந்த இடத்தைப் பகலில் கடக்க வேண்டும், எதனை இரவில் கடக்கலாம்? கவர்வழியில் எதனைக் கொள்வது? இவற்றை நடந்தறிந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்லும் கடமையைத் தமிழில் பாவலர்கள் தம்மேல் எடுத்துக்கொண்டனர் என்பது நம் இலக்கிய வரலாற்றின் தனிச் செய்தி.

ஆற்றுப்படை என்னும் வழிநூல்

பத்துப்பாட்டுள் செம்பாதி ஆற்றுப்படை நூல்கள். முருகன், பொருநர், சிறுபாணர், பெரும்பாணர், கூத்தர் என ஐந்து. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வருபவனைக் கண்டு வள்ளல் இருக்குமிடத்திற்கு வழிப்படுத்துவது இதன் அமைப்பு. முருகாற்றுப்படையில் வழிப்படுத்தப்படுபவன் அருள் வேண்டுபவன். புலவர்கள் இவற்றை வள்ளலின் கொடையைப் பாடுவனவாகவே பெரிதும் கற்பிக்கின்றனர். வழியை மட்டும் தனியே எடுத்து நோக்கினால், இவை தேர்ந்த வழிக்குறிப்புகளாகவும் விளங்கக் காணலாம்.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் நகருக்குச் செல்லும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என மூன்று தங்கல்கள் வருகின்றன. ஒவ்வோர் ஊரிலும் கிடைக்கும் உணவு வேறு. கடற்கரைப் பட்டினத்தில் பரதவர் தரும் மீனும் தேறலும். முல்லைநிலத்து வேலூரில் எயினர் தரும் சோறும் இறைச்சியும். மருதநிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கறியும். திணையை மாற்றிக்காட்டும் உத்தியென்று இதனைச் சொல்லிவிடலாம். பசியோடு நடக்கும் பாணனுக்கோ அது அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிய உறுதிமொழி.

மலைபடுகடாம் இன்னும் நுணுக்கமானது. செங்கண்மாவில் இருந்த நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். பன்றியைப் பிடிக்க வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், பாசி படர்ந்து வழுக்கும் இடங்கள், தினைப்புனம் காப்போர் யானையின் மீது எறியும் கவண்கற்கள் என அப்பட்டியல் நீள்கிறது. இரவானால் குகையில் தங்குமாறும் கூறுகிறார். இவற்றினிடையே ஓர் அறிவுரை வருகிறது. பல வழிகள் கூடுமிடத்தில், பின்னே புதிதாய் வருவோர் வழியறியும் பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்ல வேண்டும் என்பது அது. கேட்டு நடப்பவனே அடுத்தவனுக்கு வழிசொல்பவன் ஆகிவிடுகிறான். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் உட்பொருள் முழுவதும் அந்தப் புல்முடிச்சில் அடங்கியிருக்கிறது.

கொடும்பாளூர்க் கவர்வழி

சிலப்பதிகாரத்தில் வழித்திட்டம் கதையின் நரம்பாகவே அமைந்தது. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு வைகறையில் புறப்பட்டுக் காவிரியின் வடகரை வழியே மேற்கே ஒரு காதம் நடந்து கவுந்தியடிகளின் பள்ளியை அடைகின்றனர். உடன்வர இசைந்த அடிகள், சோலைவழியிலும் வயல்வழியிலும் காலடியில் உயிர்கள் நசுங்காதவாறு நடப்பதன் அருமையை முன்கூட்டியே எடுத்துக் காட்டுகிறார். பின்னர் நாளொன்றுக்கு ஒரு காதமாக நடந்து அரங்கத்தை அடைகின்றனர். ஓடத்தில் தென்கரை சேர்ந்து உறந்தையில் தங்குகின்றனர்.

உறந்தைக்குத் தெற்கே அவர்கள் சந்திக்கும் மாங்காட்டு மறையோனே இக்காப்பியத்தின் வழிகாட்டி. அவன் குடமலைப் பகுதியைச் சேர்ந்தவன். அரங்கத்தையும் வேங்கடத்தையும் காணப் புறப்பட்டுப் பாண்டிய நாட்டின் ஊடாக வந்துகொண்டிருப்பவன். எதிர்த்திசையில் நடந்து வந்த ஒருவனிடம் வழிகேட்பதைக் காட்டிலும் நல்ல வழிகேட்பு வேறில்லை. நேற்று அவன் விட்டுவந்த இடம் நாளை இவர்கள் அடையப்போகும் இடம்.

கொடும்பாளூரின் நெடுங்குளத்தருகே வழி சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான் அவன். வலப்பக்க வழி காய்ந்த காடுகளைக் கடந்து, சிறுமலையை அடையாளமாகக் கொண்டு செல்வது. இடப்பக்க வழி திருமால் குன்றத்தின் வழியே செல்வது. அங்கே பிலமும் மூன்று பொய்கைகளும் உண்டு. நடுவழி ஊர்களும் சோலைகளும் இடையிட்டது. ஆயின் வழிப்போக்கரை மயக்கும் கானுறை தெய்வம் ஒன்று அதில் உண்டு. மறையோன் எந்த வழியையும் மறைக்கவில்லை, எதனையும் திணிக்கவுமில்லை. ஒவ்வொன்றின் பயனையும் இடரையும் சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறான். பருவத்தையும் அவன் விடவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்து பாலையாகும் என்னும், இலக்கணம் போல் நாம் படிக்கும் செய்தி, நடந்துவந்த ஒருவனின் வெயில் எச்சரிக்கையாகவே அங்கே வருகிறது.

அவ்வெச்சரிக்கை வீண்போகவில்லை. நடுவழியைக் கொண்ட மூவரும், பகல் வெம்மை தாங்காமையால் பின்னர் நிலவொளியில் இரவுநடை கொள்கின்றனர். வைகையை மரப்புணையால் கடந்து மதுரையின் புறஞ்சேரியை அடைகின்றனர். இடங்களின் வரிசை, திசை, பொழுது, பருவம், ஆறு கடக்கும் துறை என ஒரு வழித்திட்டத்திற்கு வேண்டியவை எல்லாம் காப்பியத்துள் உள்ளன.

தென்னித்தாலியில் ஒரு பாவலன்

இத்தகைய பாவலன் தமிழகத்தில் மட்டும் தோன்றவில்லை. உரோமைக் கவிஞர் ஹோரஸ், கி.மு. 37 அளவில் உரோமிலிருந்து தென்னித்தாலியின் கீழைக்கரைத் துறைமுகமான புருந்திசியத்திற்குச் சென்ற செலவை ஒரு நெடும் பாட்டாக எழுதினார். அந்நகரம் இன்று பிரிந்திசி எனப்படுகிறது. கி.மு. 312-இல் அப்பியசு கிளாடியசு என்னும் அதிகாரி தொடங்கிய அப்பியன் பெருவழி முதலில் காப்புவா வரையும், பின்னர் புருந்திசியம் வரையும் நீட்டப்பட்டது. உரோமிலிருந்து அதன் தொலைவு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இப்பெருவழி 2024-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று.

ஆக்டேவியனுக்கும் ஆண்டனிக்கும் இடையே உடன்பாடு காணச் சென்ற மீசெனாசின் குழுவில் ஹோரசும் ஒருவர். வழியில் வர்ஜில் வந்து சேர்ந்துகொண்டார். உலக வரலாற்றையே திருப்பக்கூடிய அந்த அரசியல் தூதைப் பற்றிப் பாட்டில் ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. முதற்கட்டத்தில் நீர் கெட்டிருந்ததால் வயிறு கெட்டு உணவு கொள்ளாதிருந்தது, சதுப்பு நிலத்துக் கால்வாயில் படகேறியபோது தவளையும் கொசுவும் உறங்கவிடாமை, பெனவெந்தோ விடுதியில் பறவைகளை வாட்டும்போது அடுக்களையில் தீப்பற்றியது, ஈர விறகின் புகையில் கண் எரிந்தது ஆகியவையே அதில் உள்ளன. ஓர் ஊரின் பெயர் யாப்புக்குள் அடங்காமையால் அதனைச் சொல்லாமலே விடுகிறார். அங்கே தண்ணீரைக் காசுக்கு விற்கின்றனர், ஆனால் ரொட்டி மிக நன்று, அறிந்தோர் அடுத்த கட்டத்திற்கும் வாங்கிச் சுமந்து செல்வர் என்று மட்டும் அடையாளம் தருகிறார். ஏனெனில் அடுத்துவரும் கனுசியத்தின் ரொட்டியில் மணல் நெறுநெறுக்கும்.

ஆமூரின் சோற்றையும் கனுசியத்தின் ரொட்டியையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது. இரண்டிடத்தும் வழி உணவால் அளக்கப்படுகிறது. வேறுபாடும் உண்டு. ஹோரஸ் தம் நண்பர்கள் சிரிப்பதற்காகத் தம் செலவைச் சொல்கிறார். தமிழ்ப் பாணன் பிறனொருவன் நடப்பதற்காகச் சொல்கிறான். ஹோரசின் வழி முடிந்துபோன வழி. ஆற்றுப்படையின் வழி இனி நடக்கவேண்டிய வழி. அதனாலேயே அதன் வினைகள் எல்லாம் எதிர்காலத்திலும் ஏவலிலும் அமைந்திருக்கின்றன.

ஹோரஸ் பிறந்த வெனுசியாவும் தென்னித்தாலியைச் சேர்ந்ததே. பெனவெந்தோவைத் தாண்டியதும் தமக்குப் பழக்கமான மலைகள் கண்ணில் படுவதை அவர் குறிக்கிறார். அங்கிருந்து அவர் குழு கொண்டது அப்பியன் பெருவழியன்று. கனுசியம், பாரி வழியே கடலோரமாகச் செல்லும் வேறு வழி. அவ்வழியைப் பின்னர் கி.பி. 109-இல் திரயான் பேரரசன் செம்மையான பெருவழியாக்கினான். பாவலர்கள் முன்னே நடக்க, அரசு பின்னே கல்பாவிய வழிகளுள் அதுவும் ஒன்று.

ஒரே படத்தில் இரு துறைகள்

தென்னித்தாலியின் பெருவழியையும் வைகைக் கரையையும் இணைத்துப் பேசுவது வெறும் ஒப்புமைக்காக அன்று. உரோமையரின் வழித்தடங்களைக் காட்டும் பழைய நெடும்படம் ஒன்று, இடைக்காலப் படியாக வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. பியூட்டிங்கர் படம் எனப்படும் அது ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. நாடுகளின் உருவத்தைச் சிதைத்தேனும் தங்கல்களின் வரிசையையும் அவற்றிடையே உள்ள தொலைவையும் காட்டுவதே அதன் நோக்கம். அப்படத்தின் இடைப்பகுதியில் புருந்திசியம் இருக்கிறது. கீழைக் கோடியில் முசிறி இருக்கிறது. அதனருகே அகஸ்டசின் கோயில் ஒன்றும் குறிக்கப்பட்டுள்ளது.

அதே நூலகத்தில்தான், முசிறியிலிருந்து ஹெர்மப்பொலோன் என்னும் கப்பலில் ஏற்றிய சரக்கைப் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம், நாணற்றாளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது, பாதுகாக்கப்படுகிறது. தென்னித்தாலியின் பொத்சுவோலித் துறைமுகம் அக்காலத்தில் கீழைநாட்டுச் சரக்கு வந்திறங்கிய வாயில்களுள் ஒன்று. முசிறியையும் மதுரையையும் இணைத்த தரைவழி மேற்குமலைக் கணவாய்களைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வைகைக் கரைக்கு வந்தது என்பது தொல்லியலார் பலர் கருத்து. மிளகும் ஏலமும் மலையேறி இறங்கிய வழிகளுக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய கணவாய்கள் இன்றும் சான்று கூறுகின்றன.

இக்கருத்திற்கு வலுவூட்டும் சான்று ஒன்று வைகைக் கரையிலேயே வெளிப்பட்டது. 2006-இல் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். இந்தியாவில் எழுத்துடன் கிடைத்த நடுகற்களுள் மிகப் பழமையானவை என இவற்றைக் கருதுவர். அவற்றுள் ஒன்று கூடலூர் என்னும் ஊரில் நடந்த ஆகோளில் மடிந்த ஒருவனைப் பற்றியது. ஆநிரை கவர்ந்தோரும் மீட்டோரும் ஓடிய நிலம், மக்கள் நடமாடிய நிலம். வைகைக் கரை அக்காலத்திலேயே ஆளரவம் அற்ற காடாக இருக்கவில்லை.

பதினான்கு நாள்

இப்பின்னணியில்தான் கண்ணகியின் இறுதி நடையை நோக்க வேண்டும். கணவனோடு கீழைவாயிலில் புகுந்தவள் மேலைவாயிலில் தனியளாய் வெளியேறுகிறாள். வைகைக் கரையைப் பற்றி, இரவும் பகலும் பாராமல், பள்ளத்தில் விழுவதும் மேட்டில் ஏறுவதும் உணராமல் நடந்து, நெடுவேள் குன்றத்தில் வேங்கை நிழலில் நிற்கிறாள். பதினான்கு நாள் கழிந்தபின் கணவனைக் காண்பாய் என மதுராபதி கூறியிருந்தது. புகாரிலிருந்து மதுரை வரை வழியெல்லாம் துணையும் அறிவுரையும் தங்கலும் இருந்தன. மதுரையிலிருந்து மேற்கே ஒன்றுமில்லை. வழிகாட்டி ஆறு ஒன்றே. தங்கல் இல்லாத நடை என்பதே அவள் துயரின் அளவு என்பதை, வழிகளை நன்கறிந்த இளங்கோவடிகள் அறிந்தே அமைத்திருக்க வேண்டும்.

நெடுவேள் குன்றம் எது என்பதில் உரையாசிரியர் காலத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு. திருச்செங்கோடு எனக் கொண்டோரும் உளர். இவ்வினாவிற்கு நூலகத்தில் இருந்து விடை தேடாமல் கால்களால் விடை தேடியவர் தஞ்சைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். காப்பியம் கூறும் இடங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு, பூம்புகாரிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து வைகை வழியே மேற்கேயும் பல ஆண்டுகள் அவர் நடந்தார். 1963-இல், கூடலூருக்கு அப்பால் மலைமுகட்டில் மங்கலதேவி கோட்டம் என வழங்கிய சிதைந்த கற்கோயிலைக் கண்ணகி கோட்டம் என அறிவித்தார்.

அவர் முடிபை எல்லோரும் ஏற்றனர் எனக் கூற இயலாது. எனினும் அவர் கையாண்ட முறை எண்ணத்தக்கது. பெருநூல் ஒன்றை அவர் வழித்திட்டமாகப் படித்தார். அத்திட்டம் அவரை நடத்திச் சென்றது. தேனிக்கு அருகே ஆறுகள் கூடுமிடம் ஓர் இயற்கைக் கவர்வழி. வைகை தெற்கே வருசநாட்டு மலைக்குத் திரும்புகிறது. முல்லையாறும் சுருளியாறும் வரும் பள்ளத்தாக்கு தென்மேற்கே திறக்கிறது. தெற்கே திரும்பினால் மலைக்கோடி. தென்மேற்கே சென்றால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என வழி நீண்டு சேரநாட்டின் வாயிலை எட்டுகிறது. மதுரையிலிருந்து குமுளி இன்றைய சாலையளவில் ஏறக்குறைய 135 கிலோமீட்டர். பதினான்கு நாளில் நடக்க நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. கணக்கு மெய்ப்பிப்பதில்லை, ஆயினும் காப்பியத்தோடு முரண்படவுமில்லை.

மறைந்த தங்கல்களும் எஞ்சிய தங்கலும்

அந்நடையை இன்று அவ்வாறே நடக்க முடியாது. வைகை அணையின் நீர்த்தேக்கம் ஆற்றங்கரையின் ஒரு பகுதியையும், கரையோரச் சிற்றூர்களையும் விழுங்கிவிட்டது. அவற்றுள் மேட்டூரும் ஒன்று. அங்கே பிறந்து, குடும்பத்தோடு வடுகபட்டிக்குப் பெயர்ந்தவர் கவிஞர் வைரமுத்து. அணைக்காக நிலமிழந்த மக்களின் கதையாக அவர் எழுதிய கள்ளிக்காட்டு இதிகாசம் 2003-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அணையால் வயல்கள் விளைந்தன என்பது மெய். ஊர்கள் மறைந்தன என்பதும் மெய். வரலாறு இரண்டையும் எழுத வேண்டும். இரண்டாவதை எழுத ஓர் இலக்கியம் தேவைப்பட்டது.

இறுதித் தங்கலாகிய கோட்டத்தின் நிலை வேறு. பெரியாற்று வனப்பகுதியை ஒட்டி, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. அதன் உரிமை பற்றித் தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆண்டுக்கு ஒருநாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே பொதுமக்கள் வழிபடச் செல்கின்றனர். குமுளியிலிருந்து ஜீப்புகள் ஏறும் பாதை ஒன்று உண்டு. கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் மலையில் நடந்தேறும் பாதை மற்றொன்று. எஞ்சிய நாளெல்லாம் அப்பாதையில் புல் வளர்கிறது. நடப்பதால் உயிர்வாழும் பாதைக்கு ஓராண்டில் ஒருநாள் போதுமா என்பது, எல்லைக்கோடு எங்கே என்னும் வினாவிற்குக் குறையாத மற்றொரு வினா.

ஒரு வழி இரண்டு வகையில் அழியும். அதன்மேல் நீர் நிற்பது ஒன்று. அதனைச் சொல்வோர் இல்லாமற் போவது மற்றொன்று. முன்னதைத் தடுக்கும் ஆற்றல் பாவலர்க்கு இல்லை. பின்னது பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கிறது. கொடும்பாளூர் நெடுங்குளத்துக் கவர்வழியை இன்று நாம் அறிவது, மறையோன் வாயிலாக ஒரு பாவலன் அதனைச் சொன்னதால். கனுசியத்து ரொட்டியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மணல் இருந்ததை உலகம் அறிவது, ஒரு பாவலன் அதனைப் பொறாமல் பாடியதால். இவ்வளவு நுணுக்கமாக வைகைக் கரைத் தங்கல்களைச் சொன்ன பாட்டு ஒன்று இன்னும் எழவில்லை. மதுரையிலிருந்து கூடலூர் வரை எந்தத் துறையில் ஆறு கடந்தனர், எந்த ஊர்ச் சாவடியில் சுமை இறக்கினர், எந்தச் சந்தையில் எந்த மலைச்சரக்கு வந்தது என்பன இன்று முதியோர் சிலரின் நினைவில் மட்டும் இருக்கின்றன.

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டம் ஒன்றின் மலரில் இதனை நினைவூட்டுவது பொருத்தமே. இவ்வூரின் கவிஞர்கள் எதிர்த்திசையில் நடந்து வந்தோரிடம் வழிகேட்டு எழுதிவைக்கலாம். கூடலூரிலிருந்து கீழே வந்தவர், மலைப்பூண்டு சுமந்து இறங்கியவர், அணைக்காக ஊர் விட்டவர் என அவ்வாறு கேட்கத்தக்கோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் சொல்வது பெருங்காப்பியமாக வேண்டுவதில்லை. மலைபடுகடாம் கேட்பது ஒரு புல்முடிச்சு மட்டுமே.